உடம்பில் ஊறும் காற்றின் கணக்கு

பாக்குநீரிணையால் பெரிய கப்பல் விடவேண்டுமென்றால் முதலில் கடலைத் தோண்டவேண்டும். 2005 இல் தொடங்கிய சேதுசமுத்திரத் திட்டம் 12 மீற்றர் ஆழத்துக்கு ஒரு கால்வாய் வெட்டப் பார்த்தது. அந்த ஆழம்கூட இந்தக் கடலில் பல இடங்களில் இல்லை. ஊர்காவற்றுறையில் இருந்து நெடுந்தீவு வரைக்கும், நயினாதீவைச் சுற்றியும் உள்ள தீவகக் கடலின் ஆழத்தை நம்மவர்கள் பாகத்தில் சொல்வார்கள். ஒரு பாகம் ஏறத்தாழ ஆறடி. மூன்று பாகம், ஐந்து பாகம், மிஞ்சினால் ஏழெட்டுப் பாகம். குறிகாட்டுவானில் வள்ளம் ஏறி நயினாதீவுக்குப் போகிறவர் கீழே பார்த்தால் சில இடங்களில் சாதாளை அசைவதே தெரியும்.

டைவ் கொம்பியூட்டர் என்பது 50 மீற்றர், 100 மீற்றர் ஆழத்தில் கப்பற்சிதைவுகளையும் கடலடிக் குகைகளையும் தேடிப் போகிறவர்களின் கருவி என்றே பெயரெடுத்தது. மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் சின்னப் பெட்டி. ஏழு பாகக் கடலில் கடலட்டை பிடிக்கிறவருக்கும் சங்கு குளிக்கிறவருக்கும் அது எதற்கு என்று கேட்டால், கேள்வி நியாயமானதுதான். அது ஆழத்தை மட்டும் காட்டும் கருவி என்றால் பதிலும் சுலபம்: தேவையில்லை. ஆனால் ஆழம் காட்டுவது அதன் வேலையில் சின்னப் பங்கு. பெரிய பங்கு, ஞாபகம் வைத்திருப்பது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 12 லீற்றர் சிலிண்டரில் 200 பார் அமுக்கத்துக்குக் காற்று அடைத்தால் உள்ளே இருப்பது 2,400 லீற்றர். வேலை செய்கிற ஒருவர் கரையில் நிமிடத்துக்கு 25 லீற்றர் இழுக்கிறார் என்று வைத்தால், 12 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் 2.2 பார் என்பதால் அங்கே 55 லீற்றர் இழுப்பார். சிலிண்டர் முக்கால் மணியில் முடியும். அமெரிக்கக் கடற்படையின் அட்டவணையை எடுத்தால், 40 அடியில், அதாவது ஏறக்குறைய அதே 12 மீற்றரில், 163 நிமிடம் இருந்துவிட்டு இடையில் எங்கும் தரிக்காமல் மேலே வரலாம். 100 அடியில் என்றால் 25 நிமிடந்தான். ஆக, தீவகக் கடலில் ஒரு சிலிண்டரோடு இறங்குகிறவருக்கு அந்த நேர எல்லை வருமுன் காற்றே தீர்ந்துவிடும். கடல் அவரைக் காப்பாற்றுகிறது.

ஆனால் ஒரு சிலிண்டரோடு எந்த அட்டைத் தொழிலாளி கரைக்குத் திரும்புகிறார்? மூன்று சிலிண்டர் 135 நிமிடம். நாலாவது முடியும்போது 180. இடையில் வள்ளத்தில் ஏறி ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்தை இடைவேளை என்று சொல்ல முடியாது. பத்து நிமிடத்துக்குக் குறைந்த இடைவெளியை அந்த அட்டவணை கணக்கிலேயே எடுப்பதில்லை, இரண்டு சுழியோட்டத்தையும் ஒன்றாகவே கூட்டுகிறது. கரைக்கடலில் அட்டை குறையக் குறைய வள்ளங்கள் தூரப் போகின்றன, ஆழமும் கூடுகிறது. இரவில் சுழியோடி அட்டை பிடித்தவர்களைக் கடற்படை கைது செய்ததாகப் பத்திரிகையில் அடிக்கடி பார்க்கிறோம். சட்டத்தின் கணக்கு ஒரு பக்கம் இருக்க, உடம்பின் கணக்கு ஒன்று தனியாக ஏறிக்கொண்டிருக்கிறது.

நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறத்தாழ 78 சதவீதம் நைதரசன். உடம்புக்கு அதனால் ஒரு வேலையும் இல்லை. உள்ளே வரும், வெளியே போகும். கடலுக்குள் அமுக்கம் கூடும்போது நைதரசன் இரத்தத்தில் கரைந்து இழையங்களுக்குள் ஊறத் தொடங்குகிறது. எல்லா இழையத்திலும் ஒரே வேகத்தில் ஊறாது. பச்சரிசி அரை மணியில் ஊறும், உழுந்துக்கு இரண்டு மூன்று மணி வேண்டும், கொண்டைக்கடலைக்கு ஒரு இரவு தேவை, அதே போலத்தான். இரத்தோட்டம் அதிகமுள்ள இடத்தில் சில நிமிடத்தில் நிரம்பிவிடும். கொழுப்பிலும் மூட்டுகளைச் சுற்றிய இழையங்களிலும் மணிக்கணக்கு எடுக்கும். மேலே வரும்போது இதே வேகங்களில் அது வெளியேறவேண்டும். வெளியேற அவகாசம் கொடுக்காமல் ஏறினால், கரைந்திருந்த நைதரசன் இருந்த இடத்திலேயே குமிழியாகிறது. மூட்டில் என்றால் வலி. முள்ளந்தண்டு நாணில் என்றால் கால் விளங்காமற் போகலாம். அமுக்கநீக்க நோய் என்று சொல்வது இதைத்தான். சுழியோடிகள் வாயில் பென்ட்ஸ்.

இதற்கு முதன்முதலில் ஒழுங்கான கணக்குப் போட்டவர் ஜோன் ஸ்கொட் ஹால்டேன் என்ற ஸ்கொட்லாந்துக்காரர். பிரித்தானியக் கடற்படைக்காக ஆடுகளை அமுக்க அறைக்குள் விட்டு, எவ்வளவு வேகமாக அமுக்கத்தைக் குறைத்தால் ஆடு காலைத் தூக்கி நொண்டுகிறது என்று பார்த்தார். பிறகு கடற்படை அதிகாரிகளே 1906 இல் ஸ்கொட்லாந்துக் கடலில் 210 அடிக்கு இறங்கிப் பரீட்சித்தார்கள். 1908 இல் வெளிவந்த கட்டுரையில் ஹால்டேன் உடம்பை ஐந்து கற்பனை இழையங்களாகப் பிரித்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு அரைநேரம்: 5, 10, 20, 40, 75 நிமிடம். அரைநேரம் என்றால், ஊறவேண்டியதில் பாதி ஊற எடுக்கும் நேரம். அடுத்த அரைநேரத்தில் மிச்சத்தில் பாதி. அப்படியே ஆறு அரைநேரம் போனால் ஏறக்குறைய நிரம்பிவிடும்.

இந்த ஐந்தும் உடம்பில் உள்ள எந்த உறுப்பையும் குறிப்பவையல்ல என்பதுதான் எனக்கு இதில் பிடித்த விடயம். ஹால்டேன் ஈரலையோ மூளையையோ அளக்கவில்லை. கணக்கு ஒத்துவருகிறதா என்று மட்டும் பார்த்தார். நூறு ஆண்டுக்குப் பிறகும் உலகத்துச் சுழியோடிகள் பெரும்பாலும் அந்தக் கற்பனையின் பேரப்பிள்ளைகளை நம்பித்தான் மேலே வருகிறார்கள். சூரிச்சில் அல்பேர்ட் பூல்மான் என்ற மருத்துவர் ஐந்தைப் பதினாறாக்கினார். முதல் இழையத்தின் அரைநேரம் 4 நிமிடம், கடைசியினது 635 நிமிடம். தன் எண்களை ஒளித்து வைக்காமல் புத்தகமாகவே வெளியிட்டார். 1983 இல் ஓர்கா எட்ஜ் போன்ற முதல் மின்னணுக் கருவிகள் சந்தைக்கு வந்தன. இன்று விற்கும் கருவிகளில் பலவற்றின் மூளைக்குள் இருப்பது ஏதோ ஒரு வடிவத்தில் ஹால்டேனும் பூல்மானுந்தான் என்று தயங்காமற் சொல்லலாம்.

கருவிக்குள் உணரி ஒன்று இருக்கிறது. அது அமுக்கத்தை அளக்கும். மணிக்கூடு ஒன்று இருக்கிறது. சில செக்கனுக்கு ஒருமுறை இந்த இரண்டையும் வைத்துப் பதினாறு இழையத்துக்கும் புதிதாகக் கணக்குப் போடுகிறது. நமது அட்டைத் தொழிலாளியின் 12 மீற்றரையே எடுத்துப் பார்க்கலாம். முதற் சிலிண்டர் முடியும் முக்கால் மணியில் 4 நிமிட இழையம் முழுக்க நிரம்பிவிட்டது. 635 நிமிட இழையத்தில் 5 சதவீதந்தான் ஏறியிருக்கும். நடுவில் 109 நிமிட இழையம் ஒன்று உண்டு, அதில் கால்வாசி. அவர் மேலே வந்து 20 நிமிடம் வள்ளத்தில் இருக்கிறார். 4 நிமிட இழையம் அந்த நேரத்துக்குள் ஏறக்குறைய முழுதாக வடிந்துவிடும். 109 நிமிட இழையத்தில் ஏறியதில் எட்டில் ஒரு பங்குதான் இறங்கும். அடுத்த சிலிண்டர் மிச்சத்தின் மேல் ஏறுகிறது. அதற்கடுத்தது அதன் மேல்.

ஆபத்து இந்த இடத்தில்தான் இருக்கிறது. முதற் சிலிண்டருக்குப் பிறகு ஒன்றும் தெரியாது, இரண்டாவதற்குப் பிறகும் தெரியாது. நேற்றும் நாலு போட்டேன், ஒன்றும் ஆகவில்லை என்ற அனுபவம் வேறு தைரியம் கொடுக்கும். காலையில் எத்தனை நிமிடம் எத்தனை பாகத்தில் நின்றோம், இடையில் எவ்வளவு நேரம் மேலே இருந்தோம் என்பதைப் பதினாறு வேகத்தில் மனக்கணக்காக வைத்திருக்க எந்த மனிதராலும் ஏலாது.

மூச்சடக்கிச் சங்கு குளித்த பழைய ஆட்களுக்கு இந்தத் தொல்லை பெரிதாக இருக்கவில்லை. கல்லைப் பிடித்துக்கொண்டு இறங்கி ஒரு நிமிடத்தில் மேலே வருகிறவர், சுவாசப்பையில் கொண்டுபோன ஒரு மூச்சு நைதரசனைத்தான் உடம்புக்குள் தள்ள முடியும். என்றாலும் முழுக்கத் தப்பினார்கள் என்றும் சொல்வதற்கில்லை. பசுபிக்கின் துவாமோத்து தீவுகளில் முத்துக் குளித்தவர்கள் ஒரு நாளில் பல மணி நேரம் திரும்பத் திரும்ப ஆழத்துக்கு இறங்கித் தலைசுற்றி விழுந்ததும், கைகால் விளங்காமற் போனதும் பதிவாகியிருக்கின்றன. அங்கும் எண்ணிக்கைதான் வினையானது. சிலிண்டர் வந்ததும் தடையே எடுபட்டுப் போயிற்று: மூச்சுக்காக மேலே வரவேண்டியதில்லை. ஹொண்டூராசில் சிங்க இறால் பிடிக்கும் மிஸ்கிட்டோ மக்களிடையே கால் விளங்காமற் போன சுழியோடிகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களிடம் சிலிண்டர் இருந்தது, கணக்கு வைக்க ஒன்றும் இருக்கவில்லை.

இனி ஆழக்கடலுக்கு ஒருமுறை போய்வருவோம். கருவியைத் தெரிவு செய்வது பற்றிய சச்சரவெல்லாம் அங்கேதான். இலங்கையில் தொழில்நுட்பச் சுழியோட்டம் என்றால் முதலில் வாயில் வரும் பெயர் ஹெர்மிஸ். விமானந்தாங்கியாகவே வடிவமைக்கப்பட்ட முதற் கப்பல் அது. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டு மூழ்கடித்தன. 307 பேர் மாண்டார்கள். இன்று ஏறத்தாழ 53 மீற்றரில் கிடக்கிறது. அங்கே அமுக்கம் 6.3 பார். சாதாரணக் காற்றோடு இறங்கினால் நைதரசனின் பங்கு மட்டும் 5 பார்; கள்ளுக் குடித்தவர் போலப் புத்தி தடுமாறும். அதனால் நைதரசனில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு ஈலியம் கலக்கிறார்கள். 18 சதவீதம் ஒட்சிசன், 45 சதவீதம் ஈலியம், மிச்சம் நைதரசன் என்ற ட்ரைமிக்ஸ் கலவையோடு 53 மீற்றரில் நின்றால், மயக்கம் காற்றோடு 20 மீற்றரில் நிற்பது போலத்தான். மேலே வரும் வழியில் 21 மீற்றரில் பாதிக்குப் பாதி ஒட்சிசன் உள்ள சிலிண்டருக்கும், 6 மீற்றரில் தனி ஒட்சிசனுக்கும் மாறுவார்கள். நைதரசன் சீக்கிரம் வெளியேற அதுதான் வழி.

இப்படிப் போகிறவருடைய கருவி பல வாயுக்களைக் கணக்கெடுக்கத் தெரிந்ததாக இருக்கவேண்டும். ஈலியத்துக்குத் தனி அரைநேரங்கள் உண்டு. ஆனால் விலை எவ்வளவு கொடுத்து வாங்கினாலும், சாதாரண சிலிண்டரோடு போகும் சுழியோடி எந்த வாயுவைச் சுவாசிக்கிறார் என்று அந்தக் கருவிக்குத் தெரியாது. பொத்தானை அமுக்கி எதைச் சொன்னாரோ அதையே நம்பும். 50 சதவீதத்துக்கு மாறிவிட்டேன் என்று பொத்தானை அமுக்கிவிட்டு வாயில் பழைய சிலிண்டரின் ரெகுலேட்டரையே வைத்திருந்தால், திரையில் தெரியும் நிமிடமெல்லாம் பொய். மாறி 53 மீற்றரில் தனி ஒட்சிசனை வாயில் வைத்தால் வலிப்பு வரும். அந்த நேரம் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க ஆள் இருக்காது. கலவையைச் சோதித்து சிலிண்டரில் எழுதி ஒட்டும் பழக்கத்தைக் கருவியோடு சேர்த்து விற்பதில்லை.

அடுத்தது எவ்வளவு கட்டுப்பாடாக மேலே வருவது என்ற பிரச்சினை. பூல்மான் ஒவ்வொரு இழையத்துக்கும் ஒவ்வொரு ஆழத்திலும் ஒரு எல்லை அமுக்கம் வைத்தார். எல்லையைத் தொடாமலே பென்ட்ஸ் வந்தவர்கள் உண்டு. 1990களில் எரிக் பேக்கர் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் அந்த எல்லைக்குள்ளே இன்னொரு எல்லையை நாமே வைத்துக்கொள்ள வழி செய்தார். கிரேடியன்ட் ஃபக்டர் என்று இரண்டு எண்கள்: முதலாவது, மேலே வரும்போது முதலில் எந்த ஆழத்தில் தரிப்பது என்று தீர்மானிக்கும், இரண்டாவது, தண்ணீரை விட்டு வெளியே வரும்போது எவ்வளவு நைதரசனோடு வரலாம் என்று. 70 என்றால் எல்லைக்குப் போகும் வழியில் 70 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்கிறோம்.

முதல் எண்ணை எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு ஆழத்திலேயே தரிப்புத் தொடங்கும். ஆழத்தில் தரித்தால் குமிழி தொடக்கத்திலேயே அடங்கும் என்று ஒரு காலத்தில் எல்லோரும் அடித்துச் சொன்னார்கள். அமெரிக்கக் கடற்படையின் பரிசோதனைப் பிரிவு இதைத் தண்ணீருக்குள் பரீட்சித்து 2011 இல் அறிக்கை வெளியிட்டது. 170 அடிக்கு இறங்கி, அரை மணி கீழே நின்று, ஒரே அளவு நேரத்தை ஒரு கூட்டம் ஆழத்தில் அதிகமாகவும் இன்னொரு கூட்டம் மேலே அதிகமாகவும் செலவழித்து வந்தார்கள். நானூறுக்குச் சற்றுக் குறைவான சுழியோட்டங்கள். ஆழத்தில் கூட நேரம் தரித்தவர்களுக்குத்தான் பென்ட்ஸ் அதிகமாக வந்தது. காரணம் விளங்குவது கடினமில்லை: வேகமான இழையங்கள் வடிகிற நேரத்தில் மெதுவான இழையங்கள் இன்னும் ஊறிக்கொண்டே இருந்தன. 170 அடி என்பது 52 மீற்றர், ஹெர்மிஸ் கிடக்கும் ஆழத்துக்கு ஒரு மீற்றர்தான் குறைவு. ஆகவே யாராவது பழைய வாக்கைப் பிடித்துக்கொண்டு முதல் எண்ணைப் பத்திலோ இருபதிலோ வை என்று சொன்னால் கேட்கவேண்டாம்.

இதனால்தான் உள்ளே என்ன கணக்கு ஓடுகிறது என்று வெளிப்படையாகச் சொல்கிற கருவியை நான் விரும்புவேன். கனடாவின் ஷியர்வாட்டர் பூல்மானையும் இந்த இரண்டு எண்களையும் நம் கையிலேயே தருகிறது. தங்கள் கணக்கை முழுக்கத் திறந்து காட்டாத நிறுவனங்களும் உண்டு. அவர்களுடைய கருவி பிழை என்று அர்த்தமில்லை, ஆனால் பக்கத்தில் வருபவரின் கருவி 8 நிமிடம் என்றும் நம்முடையது 19 நிமிடம் என்றும் காட்டும்போது ஏன் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒன்றாக இறங்குகிறவர்கள் ஒரே கணக்கு முறையில், ஒரே எண்களோடு இறங்குவது நல்லது. 53 மீற்றருக்குப் போகிறவர் இரண்டு கருவி கட்டுவார். ஒன்று நின்றுபோனால் மற்றது தொடக்கம் முதலே கூட இருந்திருக்கும்.

தீவகத்துக்குத் திரும்பினால் தெரிவு வேறு மாதிரி. ட்ரைமிக்ஸ் வசதிக்குக் காசைக் கொட்டத் தேவையில்லை. காற்றுக்கு மட்டும் கணக்குப் போடும் மலிவான கருவிக்குள்ளும் அதே மாதிரி இழையக் கணக்குத்தான் ஓடுகிறது. பார்க்கவேண்டியது பற்றரியை. நெடுந்தீவுக்குத் தேசிய மின்வழங்கல் கிடையாது, நெடுங்காலமாக டீசல் இயந்திரத்தை நம்பியிருந்த இடம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் காற்றும் வெயிலும் சேர்த்து மின்சாரம் கொடுக்க இந்திய உதவியோடு 2024 இல்தான் ஒப்பந்தம் எழுதினார்கள். வேலணைக் கடையில் வாங்கக்கூடிய சாதாரணப் பற்றரி போடும் கருவி அங்கே உதவும். வாங்குமுன் ஒன்றைக் கேட்கவேண்டும்: பற்றரியைக் கழற்றினால் உடம்பின் கணக்கு அழியுமா? பழைய கருவிகள் சிலவற்றில் அழியும். காலையில் இரண்டு சிலிண்டர் முடித்துவிட்டுப் பற்றரி மாற்றினால், அது நம்மை இன்று தண்ணியே காணாத ஆளாக எடுத்துக்கொள்ளும்.

திரையும் முக்கியம். சோளகம் அடிக்கிற மாதங்களில் நெடுந்தீவுக் கடல் கலங்கிப் போகும், கை நீட்டினால் கை தெரியாது. பெரிய எழுத்தும் உள்ளிருந்து ஒளிரும் திரையும் வேண்டும். அலை அடிக்கும்போது 3 மீற்றரில் அசையாமல் நிற்க ஏலாது. கடைசித் தரிப்பை 6 மீற்றரில் வைக்க விடுகிற கருவி என்றால் நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். மேலே வரும் வேகம் நிமிடத்துக்கு 9 அல்லது 10 மீற்றரைத் தாண்டினால் கத்துகிற வசதி ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருக்கிறது. ஆழமில்லாத கடலில் அதை அலட்சியம் செய்வது பெரிய பிழை: 10 மீற்றரில் இருந்து மேலே வரும்போது அமுக்கம் சரிபாதியாகிறது, சுவாசப்பையில் அடைபட்ட காற்று இரண்டு மடங்காகிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பாய்ந்தால் ஒன்றிரண்டு மீற்றரே சுவாசப்பையைக் கிழிக்கப் போதும். அதற்கும் நைதரசனுக்கும் சம்பந்தமில்லை.

கருவிக்குத் தெரியாதவை நிறைய. நேற்று இரவு நித்திரை இல்லை, வெயிலில் வாடித் தண்ணீர் குடிக்கவில்லை, வயது ஐம்பது, மேலே வந்ததும் அட்டைச் சாக்கையும் சிலிண்டர்களையும் தூக்கி ஏற்றவேண்டும் – எதுவும் அதன் கணக்கில் வராது. சுழியோடி முடித்த கையோடு பாரம் தூக்கினால் குமிழி கூடும் என்பது தெரிந்த விடயம். நாலில் ஒருவருக்கு இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே பிறவியிலேயே சின்னத் துவாரம் மூடாமல் இருக்கும். குமிழிகள் சுவாசப்பையில் வடிபடாமல் அந்தக் குறுக்கு வழியால் மூளைக்குப் போகலாம். அதையும் மணிக்கட்டில் இருந்து பார்க்க முடியாது.

பின்னேரம் தோள்மூட்டு வலித்தால் சிலிண்டர் தூக்கின வலி என்று எண்ணெய் பூசிப் படுப்பதும், திரும்ப இறங்கினால் வலி போகிறதென்று இன்னொரு சிலிண்டரோடு இறங்குவதும் உலகெங்கும் கடற்றொழில் செய்யும் சுழியோடிகளின் பழக்கம். இறங்கினால் குமிழி சுருங்கும், வலியும் போகும். ஏறும்போது கூடுதல் நைதரசனோடு திரும்பி வரும். செய்யவேண்டியது ஒட்சிசன் கொடுத்து, படுக்கவைத்து, ஆளை அமுக்க அறைக்குக் கொண்டுபோவது. அந்த அறை திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் இருக்கிறது. நெடுந்தீவில் இருந்து என்றால் முதலில் குறிகாட்டுவானுக்குக் கடல், பிறகு 200 கிலோமீற்றருக்கு மேல் தெரு. விடுமுறைக்கு வந்து சுழியோடிவிட்டுப் பலாலியில் இருந்து சென்னைக்கு விமானம் ஏறும் நம் பிள்ளைகளும் கவனிக்க வேண்டியது உண்டு: பல தடவை சுழியோடியவர் குறைந்தது 18 மணித்தியாலம் பொறுக்கவேண்டும், தரிப்பு வைத்து ஏறியவர் அதைவிடக் கூட.

ஒரு வள்ளத்தில் மூன்று பேர், கருவி ஒன்று என்ற நிலைதான் பல இடங்களில் வரும். முதலாமவர் கட்டிக்கொண்டு போய்வந்து இரண்டாமவருக்குக் கழற்றிக் கொடுக்கிறார். கருவி இருவரையும் ஒரே ஆளாக நினைத்து இரண்டு பேரின் நைதரசனையும் கூட்டிவைக்கும். இரண்டாமவருக்குக் கிடைக்கும் நேரம் குறையும், அதனால் அவருக்கு நட்டமே தவிர உயிருக்கு மோசமில்லை. மோசம் மற்ற பக்கத்தில். காலையில் இருந்து கருவி இல்லாமல் மூன்று சிலிண்டர் போட்டவர், பெட்டியில் கிடந்த கருவியை நாலாவதற்கு மட்டும் எடுத்துக் கட்டினால், அது அவருக்கு முழு நேரத்தையும் அள்ளிக் கொடுக்கும். அப்படிப்பட்டவர் ஒரு முழு நாள் கரையில் நின்றுவிட்டு, மறுநாள் முதற் சிலிண்டரில் இருந்தே அதைக் கட்டவேண்டும்.